கேரியர் போட்ட காரில் மைலேஜ் இறங்கினால்: அறிகுறி பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் முறை

கேரியர் மாட்டிய காரில் மைலேஜ் இறங்கினால் பெரும்பாலும் கை முதலில் போவது பானெட்டுக்குத்தான். இன்ஜெக்டர் கழுவியாயிற்று, ஸ்பார்க் பிளக் மாற்றியாயிற்று, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைத் திட்டியும் ஆயிற்று. கூரைமேல் உட்கார்ந்திருப்பதை மட்டும் யாரும் தொடுவதில்லை. அதைக் கழற்ற ஒரு ஸ்பானரும் அரை மணி நேரமும் போதும், காசு செலவில்லை. ஆகவே அங்கிருந்து தொடங்குவதுதான் சரி.

அதற்காக எல்லாப் பழியையும் கேரியர்மேல் போட்டுவிடவும் முடியாது. கும்பகோணத்தை மையமாக வைத்து நவக்கிரகக் கோயில்களைச் சுற்றுகிற வண்டியும், வாரம் இரண்டு தடவை சென்னை போய்வருகிற வண்டியும் ஒரே கேரியரை மாட்டியிருந்தாலும் ஒரே அளவு நஷ்டப்படாது. முதல் வண்டி திங்களூரிலிருந்து திருவெண்காடு வரை வேகத்தடையும் வளைவும் மாட்டு மந்தையுமாக 40–50 கி.மீ. வேகத்திலேயே ஓடும். அந்த வேகத்தில் காற்றுக்கு வேலை குறைவு. இரண்டாவது வண்டி திருச்சியைத் தாண்டி நான்குவழிச் சாலையில் 100-ஐத் தொட்டதும் கேரியர் தன் பங்கைக் கேட்க ஆரம்பிக்கும். மைலேஜ் எங்கே குறைகிறது என்று தெரிந்தால் பாதிப் பிழை பிடிபட்ட மாதிரி. கீழே உள்ள தலைப்புகள் அந்தக் கணக்கில்தான் பிரிக்கப்பட்டிருக்கின்றன.

முதலில்: உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

டாஷ்போர்டு காட்டும் மைலேஜை வைத்து முடிவெடுக்காதீர்கள். பல கார்களில் அது கொஞ்சம் கூட்டியே காட்டும். "ஆயிரம் ரூபாய்க்குப் போட்டேன், இவ்வளவுதான் ஓடிச்சு" என்பதும் கணக்கில் சேராது. டேங்க்கை நிரப்பி அளப்பது ஒன்றே வழி.

1. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப். நாசில் முதல் தடவை தானாக நின்றதும் நிறுத்தச் சொல்லுங்கள். "ரவுண்டா போட்டுடுறேன் சார்" என்று மறுபடி அழுத்தினால் அந்த அளவு வீண்.
2. ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, குறைந்தது 250 கி.மீ. ஓட்டுங்கள்.
3. அதே பம்பில் அதே முறையில் நிரப்புங்கள். ஓடிய கி.மீ.யை நிரம்பிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ்.
4. கேரியரோடு இரண்டு டேங்க், கழற்றிவிட்டு இரண்டு டேங்க். வழி, ஆள் எண்ணிக்கை, ஏசி, டயர் காற்று நான்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் வந்தால் விட்டுவிடுங்கள். அது நிரப்புவதில் வரும் ஏற்ற இறக்கம். சிஎன்ஜி வண்டியில் ஒரு நிரப்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் நிரப்பும் நிலையத்தின் அழுத்தமும் அன்றைய வெயிலும் சிலிண்டரில் ஏறும் கிலோவை மாற்றும். நான்கைந்து நிரப்பின் கிலோவைக் கூட்டி, மொத்தக் கி.மீ.யை அதனால் வகுத்துப் பாருங்கள். டிக்கியைச் சிலிண்டர் பிடித்துக்கொள்வதால்தான் இந்த வண்டிகளில் கேரியரே ஏறுகிறது என்பதால் இவர்களுக்கு இந்தக் கணக்கு அவசியம்.

அறிகுறி 1: ஊர்ச் சாலையில் சரியாக இருக்கிறது, நான்குவழிச் சாலையில் மட்டும் குறைகிறது

இது கேரியர்தான் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 50-ல் இருப்பதுபோல் 80-ல் இரண்டரை மடங்கு, 100-ல் நான்கு மடங்கு. அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்குப்படி, முகம் தட்டையான பெரிய கூரைப் பெட்டி நகர ஓட்டத்தில் 2–8 சதவீதம், நெடுஞ்சாலையில் 6–17 சதவீதம், மணிக்கு 105–120 கி.மீ. வேகத்தில் 10–25 சதவீதம் வரை மைலேஜைக் குறைக்கும். நம் பக்கத்து மூட்டை கட்டிய இரும்புக் கேரியர் அந்தப் பெட்டியைவிட வழவழப்பானது இல்லை.

உறுதிப்படுத்த ஒரு சோதனை. காற்றில்லாத விடியற்காலையில், வண்டி இல்லாத நேராக நீளும் சாலையில், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு 80-ல் போய் நியூட்ரலில் விடுங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள், அணைத்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். 80-லிருந்து 60-க்கு இறங்க எத்தனை வினாடி என்று பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். இரண்டு திசையிலும் மும்மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். கேரியரைக் கழற்றிவிட்டு மறுநாள் அதே இடத்தில் அதே சோதனை. கழற்றியதும் வினாடி தெளிவாகக் கூடினால் குற்றவாளி பிடிபட்டாயிற்று. மேடு பள்ளமில்லாத டெல்டாச் சாலை இந்தச் சோதனைக்கென்றே போட்ட மாதிரி. பாலத்து ஏற்றத்தை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

*காலிக் கேரியரிலேயே குறைகிறது என்றால்*

செலவில்லாத வழி: தேவை இல்லாத நாளில் கழற்றி வையுங்கள். துருவேறிய போல்ட்டுதான் பெரும்பாலும் இதற்குத் தடை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, பூம்புகார் பக்கம் உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் நட்டு இறுகிவிடும். முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, காலையில் திருப்புங்கள். திரும்ப மாட்டும்போது ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் கொஞ்சம் கிரீஸும் போட்டால் அடுத்த முறை பத்து நிமிஷ வேலை.

கழற்ற முடியாத டாக்சி என்றால் இரும்புக் கேரியரை எடை போட்டுப் பாருங்கள். பட்டறையில் அடித்த கூடைக் கேரியர் 20 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். முன்பக்கத்து உயரக் கம்பி, அழகுக்கு வைத்த வளையம், கம்பெனிப் பெயர்ப் பலகை இவையெல்லாம் காற்றில் நேராக முட்டுபவை. அவற்றை வெட்டியெடுத்து உயரத்தைக் குறைக்க ஒரு வெல்டிங் பட்டறை போதும். முன்னால் சாய்வாகப் பொருத்தும் காற்றுத் தடுப்புப் பலகை இரைச்சலை நன்றாகக் குறைக்கும். மைலேஜில் அதை நம்பி ரொம்பக் கணக்குப் போடாதீர்கள்.

டாக்சி ஓட்டுபவர் கணக்கு இப்படி: மாதம் 5,000 கி.மீ., லிட்டருக்கு 14 என்றால் 357 லிட்டர். காலிக் கேரியரால் 5 சதவீதம் குறைந்து 13.3 ஆனால் 376 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,900 ரூபாய் காற்றோடு போகிறது.

*சாமான் ஏற்றினால் மட்டும் குறைகிறது என்றால்*

எடையைவிட உருவம்தான் இங்கே காசைத் தின்னும். 45 கிலோ கூடினால் ஏறத்தாழ 1 சதவீதம் மைலேஜ் குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியென்றால் 25 கிலோ அரிசி மூட்டை இரண்டை டிக்கியில் போட்டால் நஷ்டம் 1 சதவீதத்தை ஒட்டித்தான். அதே இரண்டையும் கூரையில் நிறுத்திக் கட்டி 100-ல் போனால் அதன் பல மடங்கு. கனமானதைக் கீழே, டிக்கியிலும் சீட்டுக்கு அடியிலும். லேசானது மட்டும் மேலே.

மேலே போயே தீரவேண்டியவற்றைக் கட்டுவதில்தான் வித்தியாசம் இருக்கிறது:

- கட்டில், மேசை: படுக்கவைத்து, நீளம் வண்டியின் நீளத்தோடு. கால்களைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள்.
- சீர்வரிசை அண்டா, தவலை: வாய் முன்னால் பார்த்தால் அது குடை பிடித்த மாதிரி காற்றைப் பிடிக்கும். வாய் கீழே கவிழ்த்தோ பின்பக்கம் திருப்பியோ கட்டுங்கள்.
- பொங்கல் கரும்பு: அடிக்கட்டை முன்னால், தோகை பின்னால். தோகையை இரண்டு மூன்று இடத்தில் இறுக்கிச் சுற்றுங்கள். வண்டி நீளத்துக்கு வெளியே தொங்கவிட வேண்டாம்.
- வாழைத்தார்: காம்பு முன்னால் பார்க்கப் படுக்கவைத்து, சாக்கில் சுற்றி. காற்றில் சருகு பறப்பதோடு காயும் அடிபடும்.
- சைக்கிள்: நிறுத்திவைத்தால் மோசம். சக்கரத்தைக் கழற்றிப் படுக்கவையுங்கள்.

உயரம் குறைந்தது முன்னால், கூடியது பின்னால் வருமாறு அடுக்கினால் காற்று ஏறிப் போக ஒரு சரிவு கிடைக்கும். தார்ப்பாயின் முன் ஓரத்தை மூட்டைக்கு அடியில் மடித்துச் செருகுங்கள். மேலே விட்டால் 70-லேயே காற்று புகுந்து பலூன் மாதிரி உப்பும். படபடவென்று அடிக்கும் தார்ப்பாய் மைலேஜையும் குடிக்கும், இரண்டு மணி நேரத்தில் தானும் கிழியும். 30 கி.மீ. போனதும் ஒருமுறை நிறுத்திக் கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டுங்கள். நைலான் கயிறு முதல் ஓட்டத்தில் நெகிழும். கொக்கி வைத்த ரப்பர் கயிறு தார்ப்பாயைப் பிடிக்கத்தான். எடையைப் பிடிக்க அது ஆகாது.

*பிளாஸ்டிக் பெட்டி மாட்டியபின் குறைகிறது என்றால்*

மூன்று இடம் பாருங்கள். பெட்டியின் கூர்முனை முன்னால் இருக்கிறதா? குறுக்குக் கம்பிக்கும் கூரைக்கும் இடையே தேவைக்கு மேல் இடைவெளி இருக்கிறதா? பெட்டி முன்னால் அண்ணாந்து நிற்கிறதா? மூக்கு மேலே தூக்கியிருந்தால் அடியில் காற்று புகுந்து தூக்கும். இரைச்சல், மைலேஜ், பிடிமானம் மூன்றும் கெடும். டிக்கிக் கதவு திறக்க இடம் வேண்டுமென்று பெட்டியை முன்னுக்குத் தள்ளி, முன்கண்ணாடிக்கு மேல் நீட்டி வைப்பது இங்கே சகஜம். கதவை மெதுவாகத் திறந்து எங்கே தட்டுகிறது என்று பார்த்து, தட்டாத அளவுக்குப் பின்னால் நகர்த்துங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் குறைகிறது என்றால் அதுதான் பெட்டியின் விலை. வேகத்தைக் குறைப்பதைவிட மலிவான மருந்து இல்லை. 100-லிருந்து 80-க்கு வந்தால் காற்றுத் தடை 36 சதவீதம் இறங்கும், 300 கி.மீ. பயணத்தில் முக்கால் மணி நேரம் கூடும். அந்த முக்கால் மணி நேரம் முடியாது என்றால் கணக்கு இது: போகவர 600 கி.மீ., சாதாரணமாக லிட்டருக்கு 18. கூரைச் சாமானால் 15 சதவீதம் குறைந்து 15.3 ஆனால், 33.3 லிட்டர் 39.2 ஆகும். கிட்டத்தட்ட 600 ரூபாய். பார்சல் லாரியில் இரண்டு மூட்டையை அனுப்ப என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

வண்டிக்குப் பின்னால் மாட்டும் பெட்டி நெடுஞ்சாலையில் 1–5 சதவீதத்தோடு நிற்கும், ஏனென்றால் காற்று ஏற்கெனவே விலகிய நிழலில் அது இருக்கிறது. நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையாமல் பொருத்த முடிந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

மின்சாரக் காரிலும் இதே கதைதான், கண்ணில் இன்னும் சீக்கிரம் படும். கூரையில் பெட்டியோடு திருச்சியிலிருந்து கிளம்பினால் வழக்கமான சார்ஜ் நிலையத்துக்கு முந்தினதில் நிற்கும்படி திட்டமிடுங்கள்.

அறிகுறி 2: ஊருக்குள்ளும் குறைந்துவிட்டது

மன்னார்குடிக்குள் 30-ல் ஓடும்போதும் மைலேஜ் போகிறது என்றால் கேரியரை நொந்து பயனில்லை. வேறு சோதனை: சமமான சாலையில் 40-ல் போய் நியூட்ரலில் விட்டு, வண்டி எவ்வளவு தூரம் தானாக உருளுகிறது என்று பாருங்கள். இந்த வேகத்தில் கேரியர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய மாற்றம் வராது. சட்டென்று நின்றுவிட்டால் கோளாறு சக்கரத்தில்.

மலிவிலிருந்து செலவுக்கு, இந்த வரிசையில்:

*டயர் காற்று.* ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இரண்டு அளவு இருக்கும்: ஆள் குறைவாக இருக்கும்போது ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூட்டிக் காட்டும். ஒவ்வொரு பிஎஸ்ஐ குறைவுக்கும் சுமார் 0.2 சதவீதம் மைலேஜ் போகும். நான்கிலும் 6 குறைந்தால் 1 சதவீதத்துக்கு மேல். பணத்தைவிட, கூரைச் சுமையோடு காற்றுக் குறைந்த டயர் சூடேறி வெடிப்பதுதான் கவலை.

*டிக்கியில் மறந்த எடை.* அறுவடை முடிந்து மூன்று மாதமாகியும் கிடக்கும் சாக்கு, பம்புசெட்டு மோட்டார், உர மூட்டை. சிரிக்க வேண்டாம், திறந்து பாருங்கள்.

*வைக்கோல்.* குறுவை, சம்பா அறுவடைச் சமயத்தில் சாலையில் கதிரைப் பரப்பி வண்டி ஏற விடுகிற இடங்களைத் தாண்டி வந்திருந்தால் குனிந்து அடியில் பாருங்கள். சக்கரத்துக்குப் பின்னால் ஆக்சிலில் வைக்கோல் சுற்றியிருக்கும். முன் கிரில்லில் பதரும் தூசும் அடைத்து ஃபேன் ஓயாமல் ஓடும். சைலன்சர் குழாயில் சுற்றிய வைக்கோல் மைலேஜ் பிரச்சினையோடு நிற்காது, தீப்பிடிக்கும். எஞ்சின் ஆறியபின் கையால் இழுத்து எடுத்துவிடுங்கள்.

*ஏர் ஃபில்டர்.* நெல் தூசுச் சாலையில் சீக்கிரம் அடையும், மாற்றுங்கள். ஆனால் மாற்றினால் மைலேஜ் துள்ளி ஏறும் என்பது கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டியில் அடைத்த ஃபில்டர் இழுவையைத்தான் குறைக்கும், மைலேஜை அவ்வளவாக அசைக்காது.

*பெட்ரோல்.* எத்தனாலில் ஒரு லிட்டருக்குள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலப்பிலிருந்து 20 சதவீதத்துக்கு மாறியதில் மட்டும் 3 சதவீதம் அளவுக்கு ஆற்றல் குறைந்துவிடும். கேரியரைக் கழற்றினாலும் அது திரும்பாது. உங்கள் குறைவு 10 சதவீதம் என்றால் மிச்சத்துக்கு வேறு காரணம் தேடுங்கள்; முழுப் பழியையும் இ20 தலையில் கட்ட முடியாது.

*பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது.* ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீருக்குள் ஓட்டி, இரண்டு மூன்று நாள் நிறுத்திவைத்த வண்டியில் அடிக்கடி வரும். பிரேக் காலிப்பரின் ஸ்லைடு பின் (ஊசி) துருவேறி இறுகும், அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள் திரும்பாது. 10 கி.மீ. பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள், டிஸ்கைத் தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் அதுதான். இங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பிரேக்கில் கைவேலை பழக வேண்டாம்.

*வீல் அலைன்மென்ட்.* டயரின் ஒரு ஓரம் மட்டும் ரம்பம்போல் தேய்ந்திருந்தாலோ, நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ கடைக்குப் போங்கள்.

*தெர்மோஸ்டாட், கிளட்ச், சென்சார்.* அரை மணி நேரம் ஓடியும் வெப்பமுள் நடுவுக்கு வராவிட்டால் தெர்மோஸ்டாட் திறந்தே நிற்கிறது. நான்காவது கியரில் 50-ல் அழுத்தி மிதிக்கும்போது வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் துள்ளினால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்துப் பார்க்கிறவரிடம் போங்கள். இவை மூன்றும் பட்டறை வேலை.

அறிகுறி 3: போகும்போது ஒரு மைலேஜ், வரும்போது வேறு

வண்டியில் ஒன்றுமில்லை, காற்று. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று திருச்சி தாண்டி தஞ்சை வரை வீசும். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் போகிறவருக்கு அது நேர் எதிர்காற்று. 30 கி.மீ. எதிர்காற்றில் 80-ல் ஓட்டினால் கேரியர்மேல் படுவது 110 கி.மீ. காற்று, தடை கிட்டத்தட்ட 1.9 மடங்கு. திரும்பும்போது அதே காற்று பின்னால் தள்ளும், தடை 0.4 மடங்காகக் குறையும். இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைக்கலாம், ஆகாது: சராசரி 1.14. போகவரச் சேர்த்தே கொஞ்சம் நஷ்டம்தான்.

செய்ய வேண்டியது: ஆடியில் அளந்த மைலேஜைத் தை மாதத்து மைலேஜோடு ஒப்பிடாதீர்கள். அளவு எப்போதும் போகவரச் சேர்த்து இருக்கட்டும். பெரிய சுமை மேலே இருந்தால் மேற்கே போகும் பயணத்தை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏற ஏறக் காற்று வலுக்கும். திருச்சி–சென்னைச் சாலையில் இதே காற்று பக்கவாட்டில் அடிக்கும். அங்கே மைலேஜைவிட அறிகுறி 6-ஐக் கவனியுங்கள்.

அறிகுறி 4: கேரியரைக் கழற்றியும் பழைய மைலேஜ் வரவில்லை

கேரியரை எடுத்தவர்கள் குறுக்குக் கம்பி இரண்டையும் விட்டுவைப்பார்கள். சதுரக் கம்பி தனியாக நின்றாலே காற்றை உடைக்கும், அதையும் எடுங்கள். அடுத்து, சுமைக்காக மாற்றிய டயர் காற்று எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கூடுதலாக இருந்தால் மைலேஜுக்குக் கெடுதலில்லை, பிடிமானத்துக்குத்தான். தாளில் உள்ள அளவுக்கு இறக்குங்கள். இரண்டும் சரியென்றால் கேரியர் காரணமே இல்லை. அறிகுறி 2-க்குத் திரும்பி, பிரேக்கிலிருந்து தொடங்குங்கள்.

ஒன்று விட்டுப்போகும்: கேரியர் இருந்தவரை இரைச்சல் பயத்தில் 80-ல் ஓட்டியவர், கழற்றியதும் அமைதியாக இருக்கிறதே என்று 100-ல் ஓட்டுவார். கழற்றியதில் வந்த லாபத்தை வலதுகால் தின்றுவிடும்.

அறிகுறி 5: 60-ஐத் தாண்டியதும் ஊளை அல்லது விசில்

ஊளையும் விசிலும் வேறுவேறு. சங்கு ஊதுவதுபோல் கனத்த ஊளை என்றால் உருண்டை அல்லது சதுரக் குறுக்குக் கம்பி. 8–10 மி.மீ. நைலான் கயிற்றை முன் கம்பியில் விரல் நீள இடைவெளி விட்டுச் சுருளாகச் சுற்றி இரண்டு முனையையும் கட்டுங்கள். ஊளை அடங்கிவிடும். மைலேஜ் இதனால் கூடாது.

மெல்லிய விசில் என்றால் ஓட்டை தேடுங்கள்: கம்பி முனையில் மூடி விழுந்திருக்கும், அல்லது அலுமினியக் கம்பியின் மேல் பள்ளத்தில் ஓடும் ரப்பர் பட்டை காணாமல் போயிருக்கும். இறக்கை வடிவக் கம்பியைத் திருப்பி மாட்டியிருந்தாலும் கத்தும். தடித்த ஓரம் முன்னால், மெலிந்த ஓரம் பின்னால். சத்தம் திடீரென்று புதிதாக வந்தால் விசிலைத் தேடாமல் முதலில் போல்ட்டைத் தேடுங்கள்.

அறிகுறி 6: பஸ் கடந்தால் வண்டி ஆடுகிறது, வளைவில் சாய்கிறது

மைலேஜ் கணக்கை மூடிவைத்துவிட்டு வண்டியை ஓரம் கட்டுங்கள்.

கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்குங்கள். வண்டி மொத்தமும் சேர்ந்து ஆடினால் பிடிமானம் சரி. கேரியர் மட்டும் அசைந்தால் தளர்ந்திருக்கிறது. இறுக்காமல் ஒரு கி.மீ.கூட போக வேண்டாம். திடீர் பிரேக் போட்டால் சுமை முன்னால்தான் வரும், ஆகவே பக்கக் கட்டு போதாது. முன்னும் பின்னும் தனித்தனிக் கட்டு வேண்டும்.

அடுத்தது எடை. உங்கள் வண்டியின் கையேட்டில் கூரைச் சுமை வரம்பு எழுதியிருக்கும். பல கார்களில் அது 50, 75 கிலோ அளவில்தான். அந்த எண்ணுக்குள் கேரியர், பெட்டி, தார்ப்பாய் எல்லாம் அடக்கம். 25 கிலோ மூட்டை மூன்றும் 20 கிலோக் கேரியரும் சேர்ந்தால் 95. வரம்பு தாண்டியாயிற்று. சில மாடல்களில் கூரையின் இருபுறமும் பளபளக்கும் ரெயில் வெறும் அலங்காரம். அதில் கட்டக் கூடாது என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள்.

கட்டு இறுக்கம், எடை அளவுக்குள், டயர் காற்றும் சரி, அப்படியும் ஆடினால் ஷாக் அப்சார்பர். வண்டி மூலையை அழுத்திவிட்டால் ஒரு முறை எழும்பி நிற்க வேண்டும். ஊஞ்சலாடினால் மெக்கானிக்கிடம் போங்கள்.

அறிகுறி 7: கூரையில் பள்ளம், அல்லது மழையில் உள்ளே சொட்டுகிறது

பழைய வண்டிகளில் கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில் கேரியரின் கால்கள் உட்காரும். புதிய வண்டிகளில் அது இல்லை என்பதால் கால்கள் கதவு விளிம்பைப் பிடிக்கும், அல்லது யாராவது கூரையில் துளை போட்டிருப்பார்கள். பிடிக்கும் இடத்தில் ரப்பர் தேய்ந்து இரும்பு உரசினால் பெயின்ட் போய், கடலோரத்தில் ஒரே பருவத்தில் துரு இறங்கும். ரப்பரை மாற்றுவதும் கீறலுக்கு டச்சப் பெயின்ட் வைப்பதும் நீங்களே செய்யலாம்.

சொட்டினால் துளை போட்ட போல்ட்டைச் சுற்றி முதலில் பாருங்கள். வாஷருக்கு அடியில் சீலன்ட் காய்ந்து வெடித்திருக்கும். சன்ரூஃப் உள்ள வண்டி என்றால் கேரியரைக் குற்றம் சொல்வதற்கு முன் அதன் நான்கு மூலை வடிகால் குழாயில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே வழியாவிட்டால் அங்கே அடைப்பு.

கூரைத் தகடு கையால் அழுத்தினால் டப்பென்று உள்வாங்கினாலோ, கதவு மூடும்போது மேல் ஓரம் உரசினாலோ டிங்கர் பார்க்கட்டும். அதுவரை கேரியரைக் கழற்றியே வையுங்கள்; மாட்டியபடி கொண்டுபோனால் அவரே முதலில் அதைத்தான் கழற்றச் சொல்வார்.